இதயத் திசு: நெய்ததா, வார்த்ததா?

இதயத் திசுவை இப்போது ஆய்வகத்திலேயே உண்டாக்குகிறார்கள். அதற்குத் தமிழில் பெயர் தேடும் முன், ‘திசு’ எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஜவுளிக்கடையில் ‘டிஷ்யூ பட்டு’ என்று கேட்டால், ஜரிகை இழையோடி மினுமினுக்கும் மெல்லிய புடவையை எடுத்துப் போடுவார்கள். உயிரியல் பாடத்தில் வரும் ‘திசு’வும் அதே சொல்தான். இரண்டில் மூத்தது புடவை. லத்தீனில் ‘டெக்ஸெரே’ என்றால் நெய்தல். ‘டெக்ஸ்டைல்’ பிறந்ததும் அங்கேதான். அந்த வேரிலிருந்து பழைய பிரெஞ்சில் ‘டிஸ்ஸூ’ வந்தது, நெய்த துணி என்ற பொருளில். ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது, பொன்னிழையோ வெள்ளியிழையோ சேர்த்து நெய்த உயர்ந்த துணிக்குப் பெயராக இருந்தது. மூக்கு துடைக்கும் காகிதமெல்லாம் ரொம்பப் பிந்திய வரவு.

இந்தச் சொல்லை உடற்கூறியலில் நிலைநிறுத்தியவர் பாரிஸ் மருத்துவர் சேவியர் பிஷா. நுண்ணோக்கியைத் தொடாமலே, பிணங்களை அறுத்தும் வேகவைத்தும் உலர்த்தியும் பார்த்து, உடல் 21 வகைத் ‘துணி’களால் ஆனது என்று 1801இல் எழுதினார். மறு வருடமே, 30 வயதில், இறந்துபோனார்.

தமிழ்நாட்டில் அது ‘திசு’ ஆனது. டகரத்தில் சொல் தொடங்குவது தமிழ் மரபில்லை என்பதால் தகரம் வந்து உட்கார்ந்துகொண்டது. திசு வளர்ப்பு வாழைக்கன்று வாங்கும் விவசாயிக்கு இன்று அது அந்நியச் சொல்லே இல்லை. இலங்கைப் பாடநூல்களில் ‘இழையம்’ என்பார்கள். என்னைக் கேட்டால் இழையமே மேல். ஒலியைப் பெயர்க்காமல் நெசவைப் பெயர்த்திருக்கிறது. ஆனால் ஊரெல்லாம் பரவிவிட்ட திசுவோடு இனிச் சண்டை போட்டுப் பயனில்லை.

சரி, ஆய்வகத்தில் உண்டாக்கும் இதயத் திசுவை என்னவென்று சொல்வது? செய்தித்தாள்கள் சில சமயம் ‘செயற்கை இதயம்’ என்று போட்டுவிடுகின்றன. அது தவறு. செயற்கை இதயம் என்பது 1982இல் அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஒருவருக்குப் பொருத்தினார்களே, அந்த மாதிரி இயந்திரப் பம்பு. இங்கே இருப்பது உயிருள்ள சதை. ‘பொறியியல் செய்யப்பட்ட இதயத் திசு’ என்றும் எழுதுகிறார்கள். படிக்கும்போதே நாக்கு தடுக்குகிறது. ‘பொறி’ என்றதும் இயந்திரமோ எலிப்பொறியோதான் மனதில் வரும். ‘வளர்ப்பு இதயத் திசு’ கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் தட்டில் வெறுமனே வளர்த்தால் இதயச் செல்கள் மெல்லிய ஏடாகப் பரவித் துடிக்குமே தவிர, தசை போல ஒருமுகமாக இழுக்காது.

பெயரைத் தேட, செய்முறையைப் பார்ப்பதே நல்லது. 1997இல் ஜெர்மன் ஆய்வாளர் தாமஸ் எஷன்ஹாகனும் உடனிருந்தவர்களும் கோழிக்குஞ்சுக் கருவின் இதயச் செல்களைக் கொலாஜன் என்ற புரதக் கரைசலில் கலந்து, இரண்டு கண்ணாடிக் குழாய்களுக்கு நடுவே உறையவிட்டார்கள். திசு நழுவாமல் பிடித்துக்கொள்ளக் குழாய்களுக்கு வெல்க்ரோ உறை. ஆமாம், நம் செருப்பில், பையில் இருக்கும் அதே வெல்க்ரோ!

பிற்பாடு ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் முறை இன்னும் எளிதானது. கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ் கூழில் சின்னப் பள்ளம். அதற்குள் இரண்டு மெல்லிய சிலிக்கோன் தூண்கள் தொங்கும். செல்களையும் ஃபைப்ரினோஜனையும் கலந்து, கடைசியில் த்ராம்பின் சேர்த்துச் சட்டென்று ஊற்ற வேண்டும். காயத்தில் ரத்தத்தை உறையவைக்கும் ஜோடிதான் இவை இரண்டும். கை தாமதித்தால் ஊற்றும் குழாய்க்குள்ளேயே கட்டிவிடும். உறை ஊற்றிய பால் மாதிரி, 37 டிகிரி வெப்பத்தில் சுமார் இரண்டு மணி நேரத்தில் உறைந்துவிடும். அப்புறம் தூண்களோடு சேர்த்துத் தூக்கி, ஊட்டக் கரைசலில் போடுவார்கள். முதலில் செல்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் துடிக்கும். நாளாக ஆக, இழுவிசையின் போக்கில் நீள வரிசையாகப் படுத்து, எல்லாம் ஒரே தாளத்தில் சுருங்கத் தொடங்கும். ஒவ்வொரு துடிப்புக்கும் தூண்கள் உள்பக்கம் வளையும். வளைவைக் கேமராவில் அளந்து விசையைக் கணக்கிடுவார்கள். புது மருந்து இதயத் தாளத்தைக் கெடுக்குமா என்று பார்க்க இது போதும். ஜப்பான் விஞ்ஞானி யமனகா 2007இல் மனிதத் தோல் செல்களை, எந்த வகைச் செல்லாகவும் மாறக்கூடிய குருத்தணு நிலைக்குத் திருப்பிக் காட்டியதால், இன்று கோழிக் கருவுக்குப் பதில் மனிதச் செல்லிலேயே இதைச் செய்கிறார்கள்.

அச்சில் ஊற்றி உறையவைப்பதற்குத் தமிழில் சொல் தயாராக இருக்கிறது: வார்ப்பு. சிலையையும் வார்க்கிறோம், தோசையையும் வார்க்கிறோம். ஆகவே ‘வார்ப்பு இதயத் திசு’. இலங்கையில் ‘வார்ப்பு இதய இழையம்’. வார்த்த சிலை இறுகியதோடு வேலை முடிந்தது, இங்கே இறுகிய பிறகுதானே வளர்ச்சியே தொடங்குகிறது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயம்தான். ஆனாலும் அச்சு, ஊற்றல், உருவம் மூன்றையும் ஒரே சொல்லில் தருவது இதுதான்.

ஜெர்மனியின் கோட்டிங்கனில் இதே துறையில் இருக்கும் ஆய்வாளர் சிம்மர்மனின் குழு ‘திசு’வை விட்டு ‘தசை’ என்றே பெயரிடுகிறது. அவர்களைப் பின்பற்றினால் ‘வார்ப்பு இதயத் தசை’. இதயம் தளர்ந்த 46 வயதுப் பெண் ஒருவருக்குச் சுமார் 40 கோடி செல்கள் கொண்ட அந்தத் தசையைப் பொருத்தியதை 2025இல் வெளியிட்டார்கள். மூன்று மாதம் கழித்து அவருக்கு மாற்று இதயம் கிடைத்தது. எடுத்த பழைய இதயத்தில், வைத்த தசை ரத்தக் குழாய்களோடு உயிர்த்திருந்தது. இதயத்தின் மேல் வைத்துத் தைத்த அந்தத் துண்டுக்குத் தமிழில் புதிதாக எதுவும் தேட வேண்டியதில்லை. கிழிந்த துணிக்குப் போடுகிறோமே, அதே ‘ஒட்டு’தான்.