இறாலை ஒதுக்கி வைத்தால் போதாது

போன வாரம் கிளினிக்குக்கு வந்தவர் ஸ்பெயின் சுற்றுலா போய்வந்தவர். வலென்சியாவில், பயேயா என்ற ஸ்பானிய சாத உணவைச் சொல்லித்தரும் சமையல் வகுப்பில் சேர்ந்திருக்கிறார். இறால் அலர்ஜி இருப்பது அவருக்குப் பல வருடமாகத் தெரியும். "இறாலை ஓரமா ஒதுக்கிட்டு வெறும் சாதத்தைத்தான் சாப்பிட்டேன் டாக்டர்" என்றார். உதடு வீங்கி, மூச்சுத் திணறி, இரவு முழுக்க ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார். ஒதுக்கி வைத்தேன் என்ற இந்தப் பேச்சை இன்னும் எத்தனை பேரிடம் கேட்பது? அதனால்தான் எழுதுகிறேன்.

கடல் உணவு பயேயாவை எப்படிச் செய்கிறார்கள் என்று பாருங்கள். இறாலின் தலையையும் ஓட்டையும் ஆலிவ் எண்ணெயில் வதக்கி, நசுக்கி, மீன் முள்ளோடு கொதிக்கவிட்டு வடிகட்டுகிறார்கள். அந்தச் சாற்றில்தான் அரிசி வேகிறது. கஞ்சி வடிப்பது கிடையாது. ஊற்றியதை எல்லாம் அரிசியே குடித்துவிடும். அதற்கென்றே போம்பா என்ற குட்டை அரிசியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அடியில் பிடிக்கும் சொக்கராத் என்ற தீய்ந்த பொருக்கை ஆசையாகச் சுரண்டித் தின்கிறார்களே, சாறு சுண்டி இறங்குவது அங்கேதான். மேலே அலங்காரமாக வைத்த நான்கு இறாலை எடுத்துவிட்டால் சாதம் சுத்தமாகிவிடுமா? சாம்பாரில் கரைந்த பெருங்காயத்தைக் கரண்டியால் எடுக்க முடியுமா?

"நல்லா கொதிச்சா அலர்ஜி போயிடும்" என்பது அடுத்த தப்பான நம்பிக்கை. கொதித்தால் கிருமிதான் சாகும். இறால், நண்டு அலர்ஜிக்காரர்களில் பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளாத, அவற்றில் உள்ள ட்ரோபோமயோசின் என்ற புரதம் கொதிநீரையும் தாங்கும். எண்ணெயில் பொரித்தாலும் அதை நம்ப முடியாது. இறால் பொரித்த எண்ணெயிலேயே குரோக்கெத்தா என்ற பொரித்த உருண்டையைப் போட்டு எடுத்தால் அதுவும் உங்களுக்கு ஆகாமல் போகலாம்.

சாப்பிடாமல் சமைக்க மட்டும் போகிறேன் என்பவர்களும் உண்டு. வகுப்பில் இறாலை உரிக்கச் சொல்வார்கள், கை தடிக்கும். கொதிக்கும் சட்டியின் ஆவியை மூச்சில் இழுத்தே சிலருக்கு வீசிங் வந்துவிடும். ஏற்கெனவே ஆஸ்துமா இருந்தால் அந்த அடுப்பருகே நிற்கவே வேண்டாம்.

வகுப்பே போகக் கூடாது என்று நான் சொல்லவில்லை. வலென்சியாக்காரர்கள் பாரம்பரியம் என்று சொல்லும் பயேயாவில் கடல் உணவே இல்லை. அல்புஃபேரா ஏரியைச் சுற்றியுள்ள வயல்காட்டுச் சமையல் அது: கோழி, முயல், தட்டைப் பீன்ஸ், கரோஃபோ என்ற பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, குங்குமப்பூ, வெறும் தண்ணீர். அந்த வகுப்பைக் கேட்டு வாங்குங்கள். சிலர் அதில் நத்தை சேர்ப்பார்கள். தூசிப்பூச்சி அலர்ஜியால் ஆஸ்துமா வந்தவர்களுக்கு நத்தை கடுமையாகவே பாதிக்கலாம் என்பது எங்கள் துறையில் தெரிந்த விஷயம். அதையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்து அடுப்பில் கடல் உணவு கொதிக்கிறதா, கரண்டி பொதுவா என்றும் கேளுங்கள்.

கொட்டை அலர்ஜிக்காரர்களே, பார்சலோனா பக்கம் போனால் நீங்கள்தான் கவனம். ரொமேஸ்கோ சாஸிலும் குழம்பில் கடைசியாகக் கலக்கும் பிக்காதாவிலும் பாதாமோ ஹேசல்நட்டோ அரைத்திருப்பார்கள். தெற்கு ஸ்பெயினின் அஹோ பிளாங்கோ என்ற வெள்ளை சூப்பும் பாதாமில்தான் ஆரம்பிக்கிறது. பார்வைக்கு எதுவும் தெரியாது.

பணம் கட்டும்போதே எழுத்தில் தெரிவியுங்கள். 'பிடிக்காது' என்று எழுதாதீர்கள், அலர்ஜி என்றே எழுதுங்கள். ஸ்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்று கையில் இருக்கட்டும். 14 வகை ஒவ்வாமைப் பொருள்களை உணவகங்கள் தெரிவித்தாக வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்தில் 2014 டிசம்பரிலிருந்து சட்டம் உண்டு. உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லத்தான் அது கட்டாயப்படுத்துகிறது. உங்களுக்குத் தனிச் சட்டி வைக்க அல்ல.

ஒருமுறையாவது மூச்சுத் திணறியவர்கள் அட்ரினலின் ஊசி இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். ஹோட்டல் அறையில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போகாதீர்கள். செட்ரிசின் என்ற அலர்ஜி மாத்திரை அரிப்பைக் குறைக்கும், அடைபடும் தொண்டையைத் திறக்காது. மூச்சோ குரலோ மாறினால் உடனே வெளித்தொடையில் ஊசி, 112 என்ற அவசர எண்ணுக்கு அழைப்பு, கால்களை உயர்த்திப் படுக்க வேண்டும். படுத்தால் மூச்சு முட்டினால் உட்காரலாம்; எழுந்து நடக்கக் கூடாது. சரியாகிவிட்டது என்று வகுப்பைத் தொடராதீர்கள். சில மணி நேரம் கழித்து அலர்ஜி மறுபடி தலைகாட்டலாம், ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும்.

தயவுசெய்து, கிளம்புவதற்கு ஒரு மாதம் முன்பாவது உங்கள் டாக்டரைப் பாருங்கள். ஊசி கைக்கு வரவும், அதைப் போடக் குடும்பத்தில் இன்னொருவரும் பழகவும் நேரம் பிடிக்கும்.