உப்புக் கரைசலில் சர்க்கரைக்கு என்ன வேலை?

பேதி கண்ட பிள்ளைக்கு ஓஆர்எஸ் என்ற உப்பு-சர்க்கரைப் பொடியைக் கரைக்கும்போது "இன்னும் ரெண்டு ஸ்பூன் சர்க்கரை சேர்த்துப் போடு, தெம்பா இருக்கும்" என்று சொல்ல ஒருவர் எல்லா வீட்டிலும் இருப்பார். எங்கள் வீட்டில் அது நான்தான். அந்தச் சர்க்கரை தெம்புக்குப் போட்டதில்லை, உப்பைக் குடலிலிருந்து உடம்புக்குள் கூட்டிக்கொண்டு போகப் போட்டது என்று தெரிந்தபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. உப்புக்கு எதற்குத் துணை என்றால், அதன் வழியில் ஒரு கொழுப்புப் படலம் நிற்கிறது.

செல்லின் சவ்வு என்றதும் பலூன் ரப்பர் மாதிரி ஏதோ ஒன்றைத்தான் மனம் கற்பனை செய்கிறது. உண்மையில் அது எண்ணெய்ப் படலத்துக்குத்தான் நெருக்கம். பாஸ்போலிப்பிட் என்ற கொழுப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, இரண்டு வால். தலைக்குத் தண்ணீர் பிடிக்கும், வாலுக்குப் பிடிக்காது. இவற்றைத் தண்ணீரில் போட்டால் யாரும் அடுக்கித் தர வேண்டாம், வால்களை நடுவில் மறைத்து, தலைகளை இருபுறமும் வெளியே காட்டி, இரண்டு அடுக்காகத் தாமே சேர்ந்து நிற்கும். ஒன்றோடு ஒன்று ஒட்ட எந்தப் பசையும் கிடையாது. மொத்தத் தடிமன் சுமார் 5 நானோமீட்டர், அதாவது ஒரு தலைமுடியின் கனம் வர இந்தப் படலத்தைப் பத்தாயிரம் முறைக்கு மேல் அடுக்க வேண்டும்.

இரண்டு அடுக்கு என்று கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1925-ல் நெதர்லாந்தின் லைடன் நகரில் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இருவர் ரத்தச் சிவப்பணுக்களின் கொழுப்பை அசிட்டோன் ஊற்றிப் பிரித்தெடுத்து, தண்ணீர்ப் பரப்பின் மேல் ஒற்றை அடுக்காகப் பரவவிட்டு அளந்தார்கள். அணுக்களின் மேற்பரப்பைப் போல இரண்டு மடங்கு வந்தது. அப்படியானால் சவ்வில் இரண்டு அடுக்கு இருக்கிறது! முடிவு சரி, ஆனால் கணக்கில் இரண்டு பிழை. அசிட்டோன் எல்லாக் கொழுப்பையும் எடுக்கவில்லை, உலர்ந்த அணுக்களை வைத்துக் கணக்கிட்டதால் மேற்பரப்பும் குறைவாக வந்துவிட்டது. ஒரு தப்பை இன்னொரு தப்பு சரிக்கட்டிவிட்டது. பரீட்சையில் நமக்கு இப்படி ஒருநாளும் நடந்ததில்லை.

இந்தப் படலம் இறுகிப்போகவும் கூடாது. மார்கழியில் தேங்காய் எண்ணெய் பாட்டிலில் உறைந்து நிற்கும், பக்கத்திலேயே நல்லெண்ணெய் தளும்பிக்கொண்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். வால்கள் நேராக இருந்தால் நெருக்கமாக அடுக்கி நின்று உறையும், வளைந்திருந்தால் இடைவெளி விழுந்து இளகி நிற்கும். செல் இரண்டையும் கலந்துதான் வைத்துக்கொள்கிறது, குளிர்நீரில் வாழும் மீன்கள் வளைந்த வால்களைக் கூட்டிக்கொள்ளும்.

சரி, இதைத் தாண்டி யார் போகலாம்? ஆக்சிஜன், கரியமில வாயு, சாராயம் எல்லாம் கேட்காமலே நுழைந்துவிடும். உப்பில் இருக்கும் சோடியத்தால் முடியாது. அது மின்னூட்டம் உள்ள அயனி, தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளை இழுத்து வைத்திருக்கும், அவற்றை உதறிவிட்டுக் கொழுப்புக்குள் இறங்க அதற்கு ஏகப்பட்ட ஆற்றல் வேண்டும். ஓஆர்எஸ்ஸில் இருக்கும் சர்க்கரையான குளுக்கோஸுக்கும் ஏறக்குறைய இதே கதிதான். தண்ணீரேகூட இந்தப் படலம் வழியாக மெதுவாகத்தான் கசியும். அதற்கென்றே அக்குவாபோரின் என்ற புரதக் குழாய் பல செல்களில் இருக்கிறது என்று 1992-ல் பீட்டர் ஏக்ரே காட்டினார், 2003-ல் நோபல் கிடைத்தது. ஒரு குழாயில் வினாடிக்குச் சுமார் 300 கோடித் தண்ணீர் மூலக்கூறுகள் போகும்.

ஆனால் தண்ணீரைத் தள்ளிவிட மோட்டார் எதுவும் கிடையாது. உப்பும் சர்க்கரையும் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தண்ணீர் தானே நகரும், பள்ளிக்கூடத்தில் சவ்வூடுபரவல் என்று மனப்பாடம் செய்தோமே, அதுதான். ஆகவே உடம்புக்குள் தண்ணீர் வர வேண்டுமானால் முதலில் சோடியம் உள்ளே வர வேண்டும்.

அதற்கான ஏற்பாட்டைச் செல் எப்போதும் செய்துகொண்டே இருக்கிறது. ஒரு பம்ப் ஓயாமல் ஓடுகிறது, ஒவ்வொரு சுற்றிலும் 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும். டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூ நண்டின் நரம்பில் இதைக் கண்டு 1957-ல் வெளியிட்டார், நோபல் வந்து சேர 1997 ஆனது. இந்தப் பம்பின் தயவில் செல்லுக்கு வெளியே சோடியம் உள்ளே இருப்பதைப் போலப் பத்து மடங்கு. வாசல் திறந்தால் போதும், சோடியம் முண்டியடித்து உள்ளே வரும்.

குடல் செல்லில் அந்த வாசல்களில் ஒன்று எஸ்ஜிஎல்டி1 என்ற புரதம். ஷேர் ஆட்டோ என்று வைத்துக்கொள்ளுங்கள், மூன்று சீட்டும் நிறைந்தால்தான் கிளம்பும்: இரண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ். குடல் பக்கம் திறந்து ஆள் ஏற்றி, மூடி, செல்லுக்குள் திறந்து இறக்கிவிடும். குளுக்கோஸ் இல்லாவிட்டால் சோடியம் ஸ்டாண்டிலேயே நிற்க வேண்டியதுதான். சோடியமும் குளுக்கோஸும் இப்படி ஜோடியாகத்தான் போகின்றன என்று 1960-ல் பிராக் நகரில் ராபர்ட் கிரேன் சொன்னார். உள்ளே வந்த சோடியத்தை செல்லின் மறுபக்கத்துப் பம்ப் ரத்தத்தின் பக்கம் தள்ளிவிடும், தண்ணீர் பின்னாலேயே போகும்.

இப்போது காலராவுக்கு வரலாம். அதன் நச்சு குடல் செல்லைக் கொல்வதில்லை. உப்பின் இன்னொரு பாதியான குளோரைடு வெளியேறும் கதவை மூடமுடியாமல் திறந்து வைத்துவிடுகிறது, உப்பு உள்ளே வரும் வழக்கமான வழி ஒன்றையும் அடைக்கிறது. குளோரைடு குடலுக்குள் கொட்ட, சோடியம் பின்னால் போக, தண்ணீர் அதற்கும் பின்னால் போக, தீவிரமானால் மணிக்கு ஒரு லிட்டர்கூட வெளியேறும். வெறும் தண்ணீரோ வெறும் உப்புத் தண்ணீரோ கொடுத்தால் அதுவும் அப்படியே போய்விடும். ஆனால் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டை மட்டும் நச்சு தொடுவதில்லை.

1971-ல் கிழக்குப் பாகிஸ்தான் போரில் தப்பி வந்த அகதிகள் மேற்கு வங்கத்து எல்லையில் பொங்காவ் என்ற ஊரில் குவிந்தார்கள், காலரா பரவியது. அங்கே வேலை பார்த்த திலிப் மஹாலனபிஸ் என்ற டாக்டரிடம் டிரிப்ஸ் பாட்டில்கள் தீரத் தொடங்கின. வாய்வழிக் கரைசல் வேலை செய்யும் என்று டாக்காவில் 1968-ல் சோதித்துக் காட்டியிருந்தார்கள்தான், ஆனால் டாக்டர்கள் கண்காணிப்பில் ஆஸ்பத்திரிக் கட்டிலில். இவரோ லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா என்று கரைத்து, நோயாளியின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்துப் புகட்டச் சொன்னார். முப்பது சதவீதத்தைத் தொட்டிருந்த சாவு 3.6 சதவீதத்துக்கு இறங்கியது.

என்னுடைய "இன்னும் ரெண்டு ஸ்பூன்" ஏன் தப்பு என்பதும் இப்போது புரிந்திருக்கும். ஆட்டோவில் ஏற முடியாமல் மிஞ்சும் சர்க்கரை குடலிலேயே தங்கி, உடம்பிலிருந்து தண்ணீரை இழுக்கும், பேதி கூடும். 2002-ல் உலக சுகாதார நிறுவனம் கரைசலின் மொத்தச் செறிவை லிட்டருக்கு 311 மில்லிஆஸ்மோலிலிருந்து (கரைந்திருக்கும் துகள்களின் எண்ணிக்கைக் கணக்கு) 245-ஆகக் குறைத்தது, சோடியமும் குளுக்கோஸும் இப்போது லிட்டருக்கு 75, 75 மில்லிமோல் என்று சமம். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்தால் இந்தக் கணக்கு மொத்தமும் போச்சு. கூல்டிரிங்க்ஸும் இனிப்பு ஜூஸும் இதே காரணத்தால்தான் ஆகாது.

அரிசிக் கஞ்சி இந்த விஷயத்தில் கெட்டிக்காரத்தனமானது. மாவுச்சத்து பெரிய மூலக்கூறு, எண்ணிக்கையில் குறைவு, அதனால் தண்ணீரை அவ்வளவாக இழுக்காது. குடலில் அது மெல்ல மெல்லக் குளுக்கோஸாக உடைந்துவர, ஸ்டாண்டில் கூட்டம் சேராமலே ஆட்டோவுக்கு ஆள் கிடைத்துக்கொண்டிருக்கும். மற்ற இரண்டு சீட்டுக்கு உப்பு வேண்டும், கஞ்சியில் அதைப் போட மறந்துவிடாதீர்கள்.