நம்பகம்: ஒரே இதயம், இரண்டு எண்கள்

போன முறை எக்கோ (இதயத்தின் அல்ட்ராசவுண்ட் படம்) ரிப்போர்ட்டில், இதயம் ரத்தத்தைத் தள்ளும் திறனைக் காட்டும் ஈ.எஃப். 60%. ஆறு மாதம் கழித்து 55%. இதயம் தளர்ந்துவிட்டதா, அளந்ததில் வந்த வித்தியாசமா? இதைப் பிரித்தறியத் தேவைப்படும் சொல்தான் 'ரிலையபிலிட்டி'. திரும்பத் திரும்ப அளந்தாலும் எண்கள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதே அதன் பொருள்.

ஆங்கிலத்துக்கு அது பழைய பிரெஞ்சு வழியே வந்தது. மூலம், கட்டுதல் என்று பொருள்படும் 'ரெலிகாரே' என்ற லத்தீன் சொல். தமிழில் நம்பகம் அல்லது நம்பகத்தன்மை. வேர் 'நம்பு'. தொல்காப்பியம் இதற்குச் சொல்லும் பொருள் நசை, அதாவது விருப்பம். எக்கோ அளவீட்டில் அந்தப் பழைய பொருளுக்குத்தான் பயப்பட வேண்டும். முதலில் வந்த எண் தெரிந்திருந்தால், இரண்டாம் முறை அளக்கும் கை தன்னையறியாமல் அதை நோக்கியே போகும். அதனால்தான் நம்பகத்தைச் சோதிக்கும்போது பழைய எண்ணை மறைத்துவிட்டு அளக்கச் சொல்கிறார்கள்.

ரிலையபிலிட்டிக்குச் சிலர் 'துல்லியம்' என்று எழுதுகிறார்கள். அது பொருந்தாது. எப்போதும் 2 கிலோ கூட்டிக் காட்டும் எடைக் கருவிக்கு நம்பகம் உண்டு, காட்டும் எடைதான் தவறு. உண்மை அளவைக் காட்டும் பண்புக்கு 'ஏற்புடைமை' என்ற வேறு சொல் இருக்கிறது. 'மீள்தன்மை'யும் வேண்டாம், இயற்பியல் அதை ரப்பரின் குணத்துக்கு எடுத்துக்கொண்டுவிட்டது.

சரி, எண் ஏன் மாறுகிறது? இடது கீழறையில் நிறைந்த ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியேறுகிறது என்பதே ஈ.எஃப். அறையின் உள்விளிம்பைப் படத்தில் வரைந்து கணக்கிடுவார்கள். விளிம்பு பல இடங்களில் மங்கலாக இருக்கும். மார்பில் வைத்துப் படமெடுக்கும் புரோப் கொஞ்சம் சாய்ந்தாலே இதயத்தின் நுனி விடுபட்டு, அறை குட்டையாகத் தெரியும். ரத்த அழுத்தம் மாறினால் இதயம் தள்ளும் அளவும் மாறும்.

ஒரே படத்தை ஒருவரே இருமுறை அளந்தால் வருவது அளப்பவருக்குள்ளான வேறுபாடு. இருவர் அளந்தால் அளப்பவர்களுக்கிடையிலான வேறுபாடு. புதிதாகப் படமெடுத்து அளப்பதுதான் கடினமான சோதனை. நோயாளி திரும்பி வரும்போது நடப்பது அதுதான்.

'கோரிலேஷன்' எனும் ஒட்டுறவை, அதாவது இரண்டு அளவுகளும் சேர்ந்தே ஏறி இறங்குவதை, மட்டும் காட்டி நம்பகம் உண்டு என்பது போதாது. ஒருவர் மற்றவரைவிட எப்போதும் 10 குறைத்தே அளந்தாலும் ஒட்டுறவு முழுமையாக இருக்கும். வேறுபாடுகளையே வரைந்து பார்க்க வேண்டும் என்று புள்ளியியலாளர்கள் பிளாண்டும் ஆல்ட்மனும் 1986இல் எழுதியது இதற்காகத்தான்.

வழக்கமான இருபரிமாண எக்கோவில், இதயத்தில் மாற்றமே இல்லாதபோதும் ஈ.எஃப். சுமார் 10 புள்ளி வரை ஏறி இறங்கலாம். முப்பரிமாண எக்கோவில் இது குறைவு. ஆகவே 60 போய் 55 வந்ததை மட்டும் வைத்து இதயம் தளர்ந்தது என்று சொல்ல முடியாது. மூச்சுத்திணறலோ கால்வீக்கமோ இருந்தால் அது வேறு விஷயம், மருத்துவரிடம் உடனே சொல்ல வேண்டும். அடுத்த எக்கோவை முடிந்தவரை அதே இடத்தில், அதே இயந்திரத்தில் எடுத்து, பழைய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.