கியர் ஒயரா, கியர் கம்பியா, கியர் வடமா?

பட்டறையில் அதன் பெயர் ‘கியர் ஒயர்’. சைக்கிள் கடையில் ‘கியர் கேபிள்’. கொஞ்சம் விவரமாகக் கேட்டால் ‘இன்னர்’. தமிழில் எழுத உட்காருகிறவர்கள் ‘கியர் கம்பி’ என்கிறார்கள். ரோடு பைக் எனப்படும் கியர் சைக்கிளின் கைப்பிடியில் இருக்கும் லீவரையும், பின்சக்கரத்தின் ஓரத்தில் செயினைத் தள்ளிவிடும் கருவியையும் இணைக்கிற மெல்லிய எஃகுக் கயிறுதான் இத்தனை பெயர்களுக்கும் சொந்தக்காரன். தடிமன் 1.2 மில்லிமீட்டர். ஒரு முனையில் குண்டு மாதிரி ஒரு உலோகத் தலை உண்டு. அது லீவருக்குள் உட்காரும். மறுமுனையை ஒரு போல்ட் கவ்விப் பிடிக்கும். இது அறுந்துவிட்டால் பின்பக்க ஸ்பிரிங்கைத் தடுக்க எதுவும் இல்லை. செயின் ஆகச் சிறிய பல்சக்கரத்துக்கு ஓடிவிடும். அதாவது, மிதிக்க ஆகக் கனமான கியர். எதிர்க்காற்றில் ஈசிஆர் வழியாக அப்படி வீடு திரும்பினால் முழங்கால் கதை சொல்லும்.

முதலில் ‘ஒயர்’. கிளட்ச் ஒயர், ஆக்சிலேட்டர் ஒயர் என்று மெக்கானிக்குகள் சொல்லிப் பழகிய வரிசையில் இதுவும் சேர்ந்துகொண்டது. பேச்சில் தவறில்லை. ஆனால் எழுத்தில் ‘ஒயர்’ என்றால் நமக்கு மின்சாரம்தான் நினைவுக்கு வருகிறது. அதற்கும் இப்போது சைக்கிளில் இடம் இருக்கிறது. ஜப்பானின் ஷிமானோ நிறுவனம் 2009இல் கொண்டுவந்த டிஐ2 என்ற மின்னணு கியர் அமைப்பில் கியரை மாற்றுவது சின்ன மோட்டார். அதற்குப் போவது நிஜமான மின் ஒயர். அதையும் ஒயர், இதையும் ஒயர் என்றால் குழப்பம்தான்.

‘கம்பி’யில் வேறு சிக்கல். கம்பி என்றால் விறைப்பானது, ஒற்றையானது. தாத்தா காலத்துக் கறுப்பு சைக்கிளில் ஹேண்டில்பாரிலிருந்து பிரேக்குக்கு இறங்குமே, அது கம்பி. கியரைக்கூட ஒரு காலத்தில் கம்பியால் மாற்றியிருக்கிறார்கள். இத்தாலியின் கம்பன்யோலோ நிறுவனம் 1940களில் விற்ற ‘கம்பியோ கோர்சா’வில், இருக்கைக்குக் கீழே பின்பக்கச் சட்டத்தை ஒட்டி இரண்டு நீளக் கம்பிகள் இருக்கும். சைக்கிள் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓட்டுபவர் பின்னால் கையை விட்டு ஒரு கம்பியால் பின்சக்கரத்தின் பிடியைத் தளர்த்தி, இன்னொன்றால் செயினைத் தள்ளுவார். நம் 1.2 மில்லிமீட்டர் சாமானால் அப்படித் தள்ள முடியாது. அது வளையும், நெளியும், இழுக்க மட்டும் செய்யும். திரும்பி வருவது ஸ்பிரிங்கின் வேலை.

அப்போது ‘கேபிள்’? ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சு வழியாக வந்த சொல். வேர், பிற்கால லத்தீனின் ‘கபுலம்’: கால்நடையைப் பிடிக்கும் சுருக்குக் கயிறு. ‘பிடி’ என்று பொருள்படும் ‘கபேரே’ என்ற வினையோடு அதைச் சேர்த்துச் சொல்வார்கள். மாட்டைப் பிடித்த கயிறு பிறகு கப்பலைக் கட்டும் பருத்த கயிறானது. கடலடித் தந்தி வந்தபோது செய்தி கடத்தும் கம்பிக்கட்டுக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் ‘கேபிள்’ என்றால் டிவி. சைக்கிள் கேபிளோ பழைய கயிற்றுப் பொருளிலேயே நிற்கிறது.

உறைக்குள் ஓடும் இந்தக் கேபிளுக்கு ஆங்கிலத்தில் பௌடன் கேபிள் என்று பெயர். எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் 1890களின் கடைசியில் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். ராலே சைக்கிள் நிறுவனத்தைத் தொடங்கிய ஃபிராங்க் பௌடன்தான் இதைக் கண்டுபிடித்தார் என்று பலர் எழுதுகிறார்கள். அவர் வேறு ஆள். கேபிளின் சூட்சுமம் கயிற்றில் இல்லை, உறையில்தான் இருக்கிறது. உறை அழுத்தத்தைத் தாங்கி நிற்க, உள்ளே கயிறு இழுபடுகிறது. அதனால்தான் எத்தனை வளைவு வளைந்து போனாலும் இழுவை போய்ச் சேருகிறது.

தமிழில் இதற்கு ஏற்கெனவே சொல் இருக்கிறது: வடம். பல புரிகளை முறுக்கி, இழுப்பதற்கென்று செய்த கயிறு. தேரை இழுப்பது வடம். 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் கோயில் தேரின் வடம் அடுத்தடுத்து அறுந்தபோது செய்தித்தாள்கள் ‘வடம் அறுந்தது’ என்றே எழுதின. யாருக்கும் அகராதி தேவைப்படவில்லை. எஃகால் ஆனதற்கும் இந்தச் சொல் வந்தாயிற்று. பழனி மலைக்கு ஏறும் ரோப் காரைத் தமிழில் ‘கம்பிவட ஊர்தி’ என்கிறோம். ஆகவே கியர் வடம், பிரேக் வடம். மேலே இருப்பது உறை.

புரி என்ற சொல்லையும் கூடவே மீட்டுக்கொள்ளலாம். வடத்தின் ஒவ்வொரு இழையும் ஒரு புரி. நற்றிணை 284இல், பொருள் தேடப் போனவன் ஊர் திரும்புவதா, வேலையை முடிப்பதா என்று தவிக்கிறான். இரண்டு களிறுகள் இரு பக்கமும் பற்றி இழுக்கும் ‘தேய்புரிப் பழங்கயிறு’ போலத் தன் உடம்பு அழியுமோ என்கிறான். அந்தச் சொற்றொடரே புலவருக்குப் பெயராகிவிட்டது: தேய்புரிப் பழங்கயிற்றினார். கியர் வடமும் அப்படித்தான் சாகிறது, ஒரே வெட்டில் இல்லை. லீவருக்குள் சின்ன உருளையைச் சுற்றி இறுக்கமாக வளையும் இடத்தில், தலைக்கு அருகே, புரி புரியாக விடும். பெரிய பல்சக்கரத்துக்கு ஏற செயின் தயங்க ஆரம்பித்தால் அதுதான் எச்சரிக்கை.

‘கியர்’ என்பதை என்ன செய்வது? பழைய நார்ஸ் மொழியில் உடை, தளவாடம் என்ற பொருளில் இருந்த சொல். கலைச்சொல் பட்டியல்களில் அதற்கு ‘பல்லிணை’ என்று இருக்கும். பல்லும் பல்லும் கோத்துக்கொண்டு சுழலும் இயந்திரங்களுக்கு அருமையான சொல். ஆனால் ரோடு பைக்கில் பற்கள் ஒன்றோடொன்று கோப்பதே இல்லை. நடுவே செயின் இருக்கிறது. ஆகவே சக்கரத்தைப் பல்சக்கரம் என்றும், மாற்றும் வேலையைக் கியர் மாற்றுவது என்றும் சொல்லிவிடலாம் என்பது என் கட்சி. கியரைத் துரத்த எனக்கு அவசரம் இல்லை.

செயினைத் தள்ளும் கருவியைக் கடைகளில் ‘டிரெய்லர்’ என்கிறார்கள். புதுப்படத்துக்கும் லாரிக்கும் சம்பந்தம் இல்லை. பிரெஞ்சுக்காரர்களின் ‘தெராயர்’ ஆங்கிலம் வழியாக இப்படி வந்து சேர்ந்தது. நேர்ப்பொருள், தடம்புரளச் செய்வது. ரயில் தடம்புரண்டால் விபத்து, செயின் தடம்புரண்டால் கியர்! தமிழில் ‘தடமாற்றி’ என்றால் பொருந்தும்.

சரி, வடத்தை மாற்றும்போது இந்தச் சொற்கள் எங்கே வருகின்றன? வழியில் அறுந்தால் தடமாற்றியின் நகர்வுக்கு எல்லை வகுக்கும் திருகை உள்ளே முறுக்கி, செயினை ஒன்றிரண்டு பல்சக்கரம் மேலே நிறுத்தி வீடு வந்துவிடலாம். வீட்டில் லீவரைத் தட்டித் தட்டி ஆகச் சிறிய பல்சக்கரத்தின் நிலைக்குக் கொண்டுவந்தால்தான் வடத்தின் தலை துளைக்கு நேரே வரும். லீவரின் மேல் இருக்கும் ரப்பர் உறையை மடித்துவிட்டு, உள்ளே சிக்கிய தலையையும் முறிந்த புரிகளையும் ஊசியால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பொறுமை வேண்டிய வேலை இது ஒன்றுதான். ஒரு துணுக்கு உள்ளே தங்கினாலும் லீவர் கெட்டுப்போகும்.

கடையில் கேட்கும்போது கியர் வடம் என்று சொல்லிக் கேளுங்கள். பிரேக் வடம் தடிமன், தலையும் வேறு. உறையும் வேறு: பிரேக் உறையில் எஃகு சுருளாகச் சுற்றியிருக்கும், கியர் உறையில் இழைகள் நீளவாக்கில் ஓடும். சுருள் வளைவில் கொஞ்சம் அமுங்கும். 11 பல்சக்கரம் உள்ள தொகுப்பில் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 4 மில்லிமீட்டர்கூட இல்லை என்பதால், அந்த அமுங்கலே கியரைத் தப்பாக்கிவிடும். கியர் உறையைப் பிரேக்குக்குப் போடுவதோ ஆபத்து. அழுத்திப் பிடிக்கும்போது பிய்ந்துவிடலாம்.

புது வடத்தை உறை வழியாகச் செலுத்தி, தடமாற்றியின் போல்ட்டுக்கு அருகே உள்ள பள்ளத்தில் சரியாகப் படியவைத்து, கையால் இழுத்து முடுக்கவும். மிச்ச நீளத்தைக் கூர்மையான வெட்டியால் ஒரே வெட்டாக வெட்டி, முனையில் சின்ன அலுமினியத் தொப்பியைப் போட்டு நெரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் புரி பிரிந்து, பின்சக்கரத்தைக் கழற்றும்போதெல்லாம் விரலில் குத்தும்.