1037 என்று சொல்லும் கோப்பில் 1040 பதிவுகள்

தம்பலகாமத்தில் நெல் ஆலை ஒன்றின் கணக்கைப் பார்க்கும் வாசகி கேட்டிருக்கிறார்: "பழைய வின்டோஸ் 98 கொம்பியூட்டர், ஃபொக்ஸ்புரோ 2.6 கணக்கு. கரண்ட் போய் வந்த பிறகு, கடைசியாகப் பதிந்த ஆட்களைத் தேடினால் பதிவு எல்லைக்கு வெளியே என்று சொல்லி நிற்குது. திகதியும் பிழை. மெஷின் முடிஞ்சுதா, சேர்?"

முடியவில்லை. திகதி பிழைப்பது தாய்ப்பலகையில் உள்ள காசளவு பற்றரி தீர்ந்ததால். சிஆர்2032 என்று கேட்டு வாங்கி மாற்றுங்கள். திருகோணமலை உப்புக்காற்றில் நினைவகத் தகட்டின் முனைகளும் கறுக்கும். கழற்றித் துடைத்துப் போடலாம். ஆனால் வேறெதற்கும் முன், பதிவுகள் இருக்கும் டிபிஎஃப் கோப்புகளை இன்னொரு வட்டில் பிரதி எடுங்கள். இனிச் செய்வதெல்லாம் அந்தப் பிரதியில்தான்.

இப்போது அந்தப் பிழைச்செய்திக்கு வருகிறேன். டிபிஎஃப் என்பது 1980களின் டீபேஸ் என்ற தரவுத்தள மென்பொருள் காலத்துக் கோப்பு வடிவம். ஃபொக்ஸ்புரோவும் அதையே எடுத்துக்கொண்டது. கோப்பின் தலையில் 32 பைட்டுகள். அவற்றில் 5ஆம் பைட்டு முதல் 8ஆவது வரை, மொத்தம் எத்தனை பதிவுகள் என்ற எண். கொப்பியின் முன்னட்டையில் பக்கக் கணக்கை எழுதி வைப்பது போலத்தான். புதிய ஆளைப் பதியும்போது அவருடைய விபரம் கோப்பின் வாலில் சேரும், ஆட்களைத் தேட உதவும் சுட்டிக் கோப்பிலும் (இன்டெக்ஸ்) ஏறும். தலையிலுள்ள எண் திருத்தப்படுமுன் கரண்ட் போனால், 1038ஆவது பதிவு இருக்கிறது என்று சுட்டி சொல்லும், 1037தான் என்று தலை மறுக்கும். உங்கள் திரையில் வந்தது இந்தச் சச்சரவு.

யார் சொல்வது சரி என்பதைக் கோப்பின் நீளமே காட்டிக்கொடுக்கும். எனக்கு இதில் அலுக்காத இன்பம். பெயர், தொகை என்று ஆறு புலங்கள் உள்ள கோப்பென்று வைப்போம். தலைக்கு 32, புலத்துக்கு 32 வீதம் 192, தலைப்பகுதியின் முடிவுக்குறிக்கு 1, ஆக 225 பைட்டு. ஒரு பதிவு 120 பைட்டு. கோப்பின் அளவு 125026. அதில் 225ஐயும் கோப்பின் கடைசியிலுள்ள முடிவுக்குறி ஒன்றையும் கழித்தால் 124800. அதை 120ஆல் வகுத்தால் மீதியில்லாமல் 1040! தலை சொல்லும் 1037ஐவிட மூன்று கூட, காணாமற்போன மூன்று பேரும் அங்கேயே இருக்கிறார்கள். தலையில் எண் சிறிய பைட்டு முதலாக 13, 4, 0, 0 என்றிருக்கும். 4ஐ 256ஆல் பெருக்கி 13ஐக் கூட்டினால் 1037. கோப்பின் பைட்டுகளை நேரடியாகத் திருத்தும் ஹெக்ஸ் எடிட்டரில் அந்த 13ஐ 16 ஆக்கினால் போதும். (அது பதினறும எண்ணில் காட்டும், கவனம்: 13 அங்கே 0D, 16 அங்கே 10.) பிறகு சுட்டியை மீளக் கட்டுங்கள்.

இந்த ஒழுங்கை மாற்றாதீர்கள். தலையைத் திருத்தாமல் சுட்டியைக் கட்டினால் பிழைச்செய்தி மறையும், வேலை ஓடும், திருத்தியாயிற்று என்று தோன்றும். அடுத்து பதியும் ஆள் 1038ஆம் இடத்தில், மறைந்திருந்தவரின் மேலேயே எழுதப்படுவார். அதன் பிறகு மீட்க வழியில்லை. வகுத்தலில் மீதி வந்தால் கடைசிப் பதிவு அரைகுறையாக எழுதப்பட்டிருக்கலாம். முழு எண்ணை மட்டும் தலையில் இடுங்கள். கோப்பே நீளவில்லையென்றால், வின்டோஸின் வட்டுச் சோதனை நிரலான ஸ்கேன்டிஸ்க் மீட்டுத் தரும் சிஎச்கே துண்டுக் கோப்புகளில் தேடிப் பாருங்கள்.

கண்ணூறு என்று கொம்பியூட்டர் மேல் தேசிக்காய் வைத்திருப்பதையும் எழுதியிருந்தார். அதை எடுத்துவிடுங்கள், அந்தக் காசுக்குப் பற்றரி வாங்கலாம். புது இயந்திரங்களுக்கு உதவி கிடைக்கும் இடங்களில்கூட, பழைய கோப்புகளைப் படித்து மாற்றும் வேலைக்கு யாரும் காசு ஒதுக்குவதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம். போரிலும் 2004 சுனாமியிலும் கடதாசிகளை இழந்த மாவட்டத்தில், இப்படியொரு வட்டில்தான் ஒரு குடும்பத்தின் காணிக் கணக்கு மிஞ்சியிருக்கக்கூடும்.

திருத்திய கோப்பை லிப்ரேஆபிஸ் கல்க் நேரடியாகத் திறக்கும். பெயர்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தால் பதறாதீர்கள். பாமினி எழுத்துருவில் பதிந்தவை அவை. யுனிகோட் மாற்றியில் இட்டால் தமிழாகிவிடும்.