கீபோர்டு கெடவில்லை சார், தமிழில் இருக்கிறது

ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் போன மாதம் மஞ்சப்பையில் கீபோர்டைப் போட்டுக்கொண்டு என் சர்வீஸ் கடைக்கு வந்தார். ஆன்லைனில் டிவி பார்க்கும்போது ஷார்ட்கட் வேலை செய்யவில்லையாம். 650 ரூபாய்க்குப் புதிதாக ஒன்று வாங்கி மாட்டியும் அதே கதைதானாம். "ரெண்டும் ஒரே மாதிரியா கெட்டுப்போகும் தம்பி?" என்றார். கேள்வியிலேயே பாதி பதில் இருந்தது.

எந்தெந்த விசை வேலை செய்யவில்லை என்று கேட்டேன். ஸ்பேஸ்பார் தட்டினால் படம் நிற்கிறது, அம்புக்குறி தட்டினால் முன்னே பின்னே போகிறது. முழுத்திரைக்கு எஃப், சத்தத்தை அடைக்க எம், இவைதான் அசையவில்லை. மனிதர் தினம் காலையில் முகநூலில் ஒரு வெண்பா எழுதுகிறவர். பிரவுசரின் முகவரிப் பட்டையில் எம் தட்டச் சொன்னேன். 'ர' வந்தது.

தமிழ்99 என்ற தமிழ் கீபோர்டு அமைப்பில் எம் இருக்கும் இடத்தில் ர, கே இடத்தில் ம, எஃப் இடத்தில் மெய்யெழுத்துக்கான புள்ளி. அவர் எம் தட்டியபோதெல்லாம் பிளேயருக்குப் போனது ர. ர வந்தால் என்ன செய்வது என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஸ்பேஸ்பாரும் அம்புக்குறியும் தமிழிலும் அதேதான் என்பதால் அவை மட்டும் தப்பித்தன. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ்பாரைத் தட்டி ஆங்கிலத்துக்கு மாற்றினேன், முடிந்தது. தனி மென்பொருள் போட்டுத் தமிழ் அடிக்கிறவர்களுக்கு அதை அணைக்கும் விசை அந்த மென்பொருளிலேயே இருக்கும்.

"அப்ப இன்னொரு தளத்துல மட்டும் எப்படி வேலை செய்யுது?" என்று மடக்கினார். நல்ல கேள்வி. விசையைத் தட்டியதும் பிரவுசர் பிளேயருக்கு இரண்டு சேதி சொல்கிறது: என்ன எழுத்து வந்தது, கீபோர்டில் எந்த இடத்தைத் தட்டினார்கள். இடத்தைப் பார்க்கும்படி எழுதிய பிளேயருக்கு மொழி ஒரு பொருட்டில்லை. எழுத்தைப் பார்க்கிற பிளேயர்தான் திணறும். அதிலும் சில, கேப்ஸ் லாக் எரிந்தாலே சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும் வேறு என்று முரண்டு பிடிக்கும்.

சரி, தமிழே தட்டாதவர்களுக்கு ஏன் இந்தத் தொல்லை? கடைக்கு வரும் புகார்களில் அதிகம் இந்த வகைதான். இதன் பெயர் ஃபோகஸ். திரையில் தேடல் பெட்டி, பொத்தான்கள், விளம்பரச் சட்டகம் (ஃப்ரேம்), பிளேயர் என்று பல பேர் இருக்கிறார்கள். நீங்கள் தட்டும் விசை, கடைசியாக மவுஸால் தொட்டவரிடம்தான் முதலில் போகும். விளம்பரம் பெரும்பாலும் பக்கத்துக்குள் பொருத்திய வேறொரு தளத்தின் சட்டகம். அதில் இருக்கும் 'தவிர்' பொத்தானைச் சொடுக்கினால் ஃபோகஸ் அங்கேயே தங்கிவிடும். பாதுகாப்புக்காக, அந்தச் சட்டகத்துக்குள் விழும் விசையை வெளியே இருக்கும் பிளேயருக்குப் பிரவுசர் கடத்தாது. விளம்பரத்துக்குப் பிறகு விசைகள் செத்துப்போவது இதனால்தான். படத்தின் மேல் வெற்றிடத்தில் ஒருமுறை சொடுக்குங்கள். படம் நின்றால் இன்னொருமுறை.

இதிலேயே இன்னொரு வேடிக்கை உண்டு. சத்தம் அடைக்கும் பொத்தானை மவுஸால் அமுக்கிவிட்டு, படத்தை நிறுத்த ஸ்பேஸ்பாரைத் தட்டுவார்கள். சில பிளேயரில் படம் நிற்காது, சத்தம் திரும்ப வரும். ஃபோகஸ் அந்தப் பொத்தானிலேயே நிற்பதால், ஸ்பேஸ்பார் அதையே மறுபடி அமுக்குகிறது.

ஃபோகஸ் பக்கத்தில் எங்கே இருந்தாலும் பிளேயர் விசையைக் கேட்கும்படி எழுதித் தொலைத்தால் என்ன என்று நானும் எரிச்சல்பட்டிருக்கிறேன். ஆனால் குரலால் கணினியை இயக்குகிறவர்களுக்கு, பேசும் சொல்லே எழுத்து விசைகளாகப் போய் விழுந்து ஏதேதோ இயங்கிவிடும். அதனால், இணையதளங்களை எல்லோரும் பயன்படுத்தும்படி அமைக்கச் சொல்லி 2018-இல் வந்த வலை அணுகல் வழிகாட்டி, ஒற்றை எழுத்து ஷார்ட்கட்டை அணைக்க முடிய வேண்டும், அல்லது மாற்ற முடிய வேண்டும், அல்லது ஃபோகஸ் இருக்கும்போது மட்டும் அது வேலை செய்ய வேண்டும் என்கிறது. ஆக, சில பிளேயர் செட்டிங்ஸில் ஷார்ட்கட்டை அணைக்கும் வசதி இருந்தால் அதையும் ஒருமுறை பாருங்கள்.

பார்வையற்ற கல்லூரி மாணவி ஒருவருக்கு நேர் எதிரான சிக்கல். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் என்விடிஏ திரைவாசிப்பானோடு கே தட்டினால் படம் நிற்காமல் அடுத்த இணைப்புக்குத் தாவுகிறது. உலாவு நிலையில் எழுத்துகளை அந்த மென்பொருளே எடுத்துக்கொள்ளும்: கே இணைப்புக்கு, எஃப் படிவப் பெட்டிக்கு. இன்செர்ட்டோடு ஸ்பேஸ்பாரைத் தட்டினால் ஃபோகஸ் நிலைக்கு மாறும், எழுத்து நேராகப் பிளேயருக்குப் போகும். இதைத் தெரிந்துகொள்ள அவர் மூன்று கடை ஏறி இறங்கியிருக்கிறார் என்பதுதான் எனக்கு வருத்தம்.

மற்றவை சில்லறை. மவுஸ் இல்லாமல் உலாவ உதவும் பிரவுசர் நீட்சிகள் (எக்ஸ்டென்ஷன்) ஜே, கே, எஃப் விசைகளைப் பிடித்துக்கொள்ளும். மறைநிலை (இன்காக்னிட்டோ) ஜன்னலில் நீட்சிகள் பொதுவாக ஓடாது, அங்கே திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். கை தவறி எஃப்7 தட்டி, வந்த கேள்விக்குச் 'சரி' கொடுத்திருந்தால், அம்புக்குறி பக்கத்தில் கர்சரை நகர்த்திக்கொண்டிருக்கும். மறுபடி எஃப்7 தட்டுங்கள். வலது ஷிஃப்டை 8 விநாடி அமுக்கியிருந்தால் விண்டோஸின் ஃபில்டர் கீஸ் விழித்திருக்கும், பிறகு வேகமாகத் தட்டுவதை அது கண்டுகொள்ளாது. நேரலையில் பின்னோக்கிப் போக முடியவில்லை என்றால் அந்தச் சேனல் அப்படி வசதி தரவில்லை. விளம்பரத்தின்போது ஓட்ட முடியாததும் வேண்டுமென்றே செய்ததுதான்.

கீபோர்டு உண்மையாகவே கெட்டிருந்தால் நோட்பேடிலும் அந்த விசைக்கு எழுத்து வராது. அங்கே அதே விசைக்குத் தமிழிலோ ஆங்கிலத்திலோ ஓர் எழுத்து ஒழுங்காக வருகிறதென்றால் காசு செலவழிக்காதீர்கள். 650 ரூபாய்கூடப் போகட்டும். டிவி தளத்தின் 'கஸ்டமர் கேர்' எண் என்று கூகுளில் கிடைத்ததற்குப் போன் செய்து, அவர்கள் சொன்ன திரைப்பகிர்வு செயலியையும் போட்டுக்கொண்டு வந்தவரைப் பார்த்திருக்கிறேன். நல்லவேளை, ஓடிபி கேட்டதும் அவருக்கு உறைத்து, போனை வைத்துவிட்டார். உதவி எண்ணை அந்தத் தளத்தின் உதவிப் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930-க்கு அழையுங்கள்.

ஆசிரியர் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார். "ர தட்டினா சத்தம் நிக்கிற மாதிரி ஒரு பிளேயர் வராதா தம்பி?"

இடத்தைப் பார்க்கிற பிளேயரில் இப்போதே நிற்கும் சார் என்றேன். நம்பாமல் திரும்ப உள்ளே வந்து உட்கார்ந்து, கீபோர்டைத் தமிழுக்கு மாற்றித் தட்டிப் பார்த்தார்.