பழைய .22 ரைபிளின் ட்ரிக்கர்: அரத்தைக் கையில் எடுக்கும் முன்

"ட்ரிக்கர் கல்லு மாதிரி இருக்கு, இழுத்து முடிக்கிறதுக்குள்ள குறி நகர்ந்துடுது" என்று சொல்லித்தான் பழைய ரிம்ஃபயர் (தோட்டாவின் விளிம்பில் அடித்துச் சுடும்) ரைபிள்களை என்னிடம் பழுதுபார்க்கக் கொண்டு வருகிறார்கள். நியாயமான குறைதான். ஆனால் அவற்றில் சில, ஏற்கெனவே வீட்டில் அரமும் உப்புத்தாளும் பட்டவையாக இருக்கின்றன. அப்படி ஒன்றை, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துவிட்டு, போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடித் திறக்கும் உருளை) ஏற்றி, ரைபிளின் மரக்கட்டையின் அடியை மேஜையில் லேசாகத் தட்டினேன். ட்ரிக்கரில் விரலே இல்லை, தோட்டாவை அடிக்கும் ஊசி 'டக்' என்று விழுந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ஊசியைத் தள்ளும் ஸ்ட்ரைக்கர் ஒரு சின்னப் பல்லில் மாட்டி நிற்கிறது. அதுதான் சியர். ட்ரிக்கரை இழுத்தால் சியர் விலகும், ஸ்ட்ரைக்கர் பாயும். இரண்டும் தொடும் இடம் மிகக் குறுகியது, அதிலும் பல பழைய ரைபிள்களில் மேல்தோல் மட்டும்தான் கடினமாக்கப்பட்ட எஃகு. அதைத் தேய்த்துக் கழித்துவிட்டால் உள்ளே மென்மையான இரும்பு. அன்றைக்கு வெண்ணெய் மாதிரி இழுக்கும், போகப்போக விளிம்பு மழுங்கும், கோணம் கொஞ்சம் மாறினாலும் ஸ்பிரிங்கின் அழுத்தமே சியரைத் தள்ளி விலக்கிவிடும். அப்படித் தானாகச் சுட்டுவிட்டால், இந்தச் சின்னத் தோட்டா ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது.

பெரும்பாலும் குறை எஃகில் இல்லை, அழுக்கில் இருக்கிறது. பல வருஷமாகப் போட்ட எண்ணெய் காய்ந்து, வார்னிஷ் போல ஒட்டிக்கிடக்கும். முதலில் தோட்டாவை எல்லாம் வெளியே எடுங்கள். குழாய் மேகசின் (தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய்) என்றால் இரண்டு தடவை பாருங்கள், அதில் ஒன்று ஒளிந்து நிற்பது சகஜம். அப்புறம் கட்டையைக் கழற்றி, ஒவ்வொரு படியிலும் படம் எடுத்துக்கொண்டு, ட்ரிக்கர் பகுதியை மண்ணெண்ணெயிலும் மென்மையான பிரஷ்ஷிலும் கழுவி, நன்றாகக் காயவைத்து, ஒரே ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விடுங்கள். ட்ரிக்கர் மரத்தில் எங்காவது உரசுகிறதா என்றும் பாருங்கள். கழுவுவதற்கு முன்னும் பின்னும் ஸ்பிரிங் தராசில் ஐந்தாறு தடவை இழுத்துச் சராசரி எடுத்தால் வித்தியாசம் தெரியும். பலருக்கு இதுவே போதும்.

ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கை வெட்டாதீர்கள். ரிம்ஃபயரில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை தோட்டாவின் விளிம்புக்குள் இருக்கிறது, விளிம்பை நசுக்கினால்தான் பற்றும். அடி பலவீனமானால் தோட்டா வெடிக்காமல் நிற்கும், அல்லது தாமதமாக வெடிக்கும். அப்படி வெடிக்காமல் நின்றால் குழலைப் பாதுகாப்பான பக்கம் வைத்தபடி குறைந்தது 30 நொடி காத்திருங்கள், உடனே போல்ட்டைத் திறக்க வேண்டாம். தோட்டா இல்லாமல் வெற்றாகச் சுட்டுப் பழகுவதும் பழைய ரைபிளுக்கு ஆகாது, ஊசி சேம்பரின் (தோட்டா உட்காரும் அறையின்) விளிம்பில் இடித்துப் பள்ளம் போடலாம். டம்மி தோட்டா போட்டுப் பழகுங்கள்.

வேலை முடிந்ததும், காலி ரைபிளில், போல்ட்டை வேகமாகப் பலமுறை சாத்துங்கள். ஏற்றிவைத்து ரப்பர் சுத்தியலால் நாலு பக்கமும் தட்டுங்கள். சேஃப்டியை (சுடாமல் தடுக்கும் பூட்டு) போட்டு ட்ரிக்கரை அழுத்தி இழுத்து விட்டுவிட்டு, அப்புறம் சேஃப்டியை எடுங்கள். இவற்றில் எதிலும் ஊசி விழக்கூடாது. ஒரு தடவை விழுந்தாலும் அந்த ரைபிள் சுடுவதற்கல்ல, நேராகக் கைதேர்ந்தவரிடம் கொண்டு போங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும் முதல் நாள் ஒவ்வொரு தோட்டாவாகவே போட்டுச் சுடுங்கள். அரைத் தானியங்கி (ஒரு இழுப்புக்கு ஒரு தோட்டா சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும்) ரைபிளில் தேய்ந்த சியர் ஒரே இழுப்பில் இரண்டு மூன்றாகச் சுட்டுவிடும்.

எனக்குத் தெரிந்தவரை, பழைய அமைப்பில் ஒன்றரை கிலோ இழுப்பு தாராளமாகப் போதும், அதற்குக் கீழே போக ஆசைப்பட்டால் அதற்கென்றே செய்த ட்ரிக்கர் வாங்குவதுதான் வழி. மேஜையில் ஊசி விழுந்த அந்த ரைபிளுக்கு, அதே மாடலின் வேறொரு பழுதான ரைபிளிலிருந்து சியரை எடுத்துப் பொருத்தினேன். இழுப்பு இரண்டு கிலோவுக்குச் சற்று மேல் வந்து நின்றது. உரிமையாளர் முகம் சுளித்தார், நான் அதைக் குறைத்துக் கொடுக்கவில்லை.